காற்றுப் புகாத பெட்டி

சாயங்காலம் நீலமாக வைத்து மூடிய சிலிக்கா மணிகள் காலையில் இளஞ்சிவப்பாக இருந்தன.

சந்திரிகா மூடியைக் கையில் பிடித்தபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஈரம் பட்டால் நிறம் மாறும் மணிகள் அவை. புக்கிட் தெங்காவில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். நல்ல பெட்டிக்குள் மாதக்கணக்கில் நீலமாகவே இருக்கும். முந்தைய நாள் இந்தப் பெட்டியை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்திருந்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்றே வெளியேறாத பெட்டிக்குள் ஈரம் எந்த வழியாகப் போகும்?

ரப்பர்தான், என்று சொல்லிக்கொண்டாள். மூடியைச் சுற்றி ஓடும் பழைய ரப்பர் வளையம் தனக்குள் ஈரத்தை வைத்திருந்திருக்கும். புது வளையம் போட்டால் சரியாகிவிடும்.

அந்தப் பெட்டிக்காக அவள் அலைந்த அலைச்சலுக்கு, சரியாகத்தான் ஆக வேண்டும்.

ஜியோகேஷிங் ஒரு விளையாட்டு. ஒரு பெட்டியில் சின்னச் சின்னப் பொருள்களைப் போட்டு எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை ஆப்பில் போட்டுவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் தேடி வந்து கண்டெடுப்பார்கள். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த கோகுலனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதன் பிறகு இடம் தேடுவது அவள், பெட்டியைத் தயார் செய்வது அவள், ஆப்பில் போடுவது அவன் என்று ஆகிவிட்டது. எல்லாம் அவன் பெயரில். ஜார்ஜ் டவுனில் ஒரு சந்திப்பின்போது யாரோ, "கோகுலன் பெட்டின்னா தரம்லா" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, காகிதத் தட்டோடு ஓரமாக நின்றவளைப் பார்த்து, "இது யாரு, உங்க தங்கச்சியா?" என்று கேட்டார். கோகுலன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

ஒரே ஒரு பெட்டியாவது தன் பெயரில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

இடமும் கிடைத்தது. ஆயர் ஈத்தாம் அணைக்குப் பின்னால், வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் ஒரு பாறையின் பிளவு. ஆனால் அங்கே பிளாஸ்டிக் டப்பா நிற்காது. குரங்குகள் கடித்துவிடும், மிச்சத்தை மழையும் எறும்பும் பார்த்துக்கொள்ளும். இரும்புப் பெட்டி வேண்டும். பட்டாளத்துத் தோட்டாப் பெட்டியைப்போல வேறொன்று கிடையாது. புதிதாக விற்பவை அவள் சம்பளத்துக்கு ஆகாதவை. ஆன்லைனில் மலிவாகப் போட்டிருந்தவர்கள் பளபளக்கும் படத்தைக் காட்டித் துருவை அனுப்பினார்கள். கடைசியில் சிம்பாங் அம்பாட்டில், டயர் கடைக்குப் பின்னால் பழைய கூடாரமும் பூட்ஸும் விற்கும் கமாலுதீனிடம் போய் நின்றாள்.

"பட்டாளத்து அஸ்கார் பெட்டியா? எதுக்கு தங்கச்சி, நகை வைக்கவா?"

"ஒளிச்சு வைக்க, அண்ணே."

"என்னத்த?"

"பெட்டியத்தான்."

கமாலுதீன் கையிலிருந்த பூட்ஸைக் கீழே வைத்தார். "காசு குடுத்து வாங்கி, காட்டுல கொண்டு போய் ஒளிச்சிட்டு, ஊர்ல உள்ளவன வந்து தேடுன்னு சொல்லப் போற. நல்ல வியாபாரம்லா. என் மச்சானும் இப்படித்தான் கடைய நடத்துனான்."

லேலோங்கில், பட்டாளத்து ஏலத்தில், மொத்தமாக எடுத்த பெட்டிகள். எல்லாவற்றின் அடியிலும் துரு பூத்திருந்தது. மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் பச்சை பெயிண்ட்கூட உரியவில்லை. அதற்கு அவர் சொன்ன விலையில் ஒரு பிளாஸ்டிக் வாளிதான் வாங்கலாம்.

"இது மட்டும் ஏண்ணே இவ்வளோ மலிவு?"

"தொறக்கல. சுத்தியால அடிச்சும் பாத்துட்டேன். உனக்கும் தொறக்கலன்னா கவுத்துப் போட்டு உக்காந்துக்கோ."

வீட்டுக்கு வந்து கொக்கியில் விரல் வைத்ததும் திறந்துகொண்டது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பித்தளைப் பொத்தான். சட்டையிலிருந்து பிய்ந்த நூல் இன்னும் அதில் தொங்கியது. துடைத்ததும் மின்னியது. அழகாக இருந்தது. சாவி வளையத்தில் கோத்துக்கொண்டாள்.

அதே பெட்டியைக் காட்டில் கண்டெடுத்திருந்தால் அவள் கை தயங்கியிருக்கும். இந்த விளையாட்டில் முதல் விதியே அதுதான்: பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால், எடுத்ததற்குக் குறையாத ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். கோகுலனுக்கு முதல் நாளே அவள் சொன்ன விதி. ஆனால் இது காசு கொடுத்து வாங்கிய பெட்டி. யாரும் ஒளித்து வைத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

புது வளையம் போட்டாள். புது மணிகள் வைத்தாள். மறுநாள் காலையில் மணிகள் நிறம் மாறியது மட்டுமல்ல, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. மூடியின் உட்பக்கம் நீர்த்துளிகள். மூடி முழுக்க இல்லை. ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, நீள்வட்டமாக.

பெட்டி கெட்டுப்போவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். எந்தப் பெட்டியையும் ஒளித்து வைப்பதற்கு முன், முகத்தை உள்ளே கவிழ்த்து முகர்ந்து பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் குனிந்தாள். எண்ணெயும் இரும்பும் நாறும் என்று எதிர்பார்த்தவளின் முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு வாசனை ஏறியது. ரொம்ப நேரம் தூங்கி எழுந்த ஒருவரின், இன்னும் பல் துலக்காத வாயின் வாசனை. அதை நன்றாக உள்ளிழுப்பதற்குள் அவளுடைய மூச்சு எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. கெட்டியான பானத்தை யாரோ குழல் வைத்து உறிஞ்சுவதைப்போல, மெதுவாக, பொறுமையாக, அவள் நெஞ்சிலிருந்து இழுத்தது.

தலையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் விழுந்தாள். தரையில் இடித்த முழங்கை வலித்தது. நெஞ்சு மறுபடி நிரம்ப வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள் பெட்டிக்குள் முகத்தை வைக்கவில்லை.

விதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொத்தானைக் கழற்றி, அதே எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினாள். மாலையில் மழை பிடித்தது. பள்ளிவாசலின் பாங்கு மழைக்குள் கரைந்து, கீழே மோட்டார் சைக்கிள்களின் சத்தம் அடங்கி, எதிர் பிளாக்கில் யாரோ நெத்திலி பொரிக்கும் வாடை ஜன்னல் வழியாக வந்த நேரத்தில், பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. பித்தளை இரும்பில் படும் சத்தம். டிக். டிக். நின்றது. மறுபடி டிக். காதைப் பொத்திப் பார்த்தாள். டிவி போட்டுப் பார்த்தாள். விடவில்லை. கொடுத்ததை யாரோ மரியாதையாகத் திருப்பி நீட்டுவதைப்போல, கோபமில்லாமல், விடாமல் தட்டியது.

திறந்தாள். துணி பிரிந்து கிடந்தது. பொத்தானை எடுத்து மறுபடி சாவி வளையத்தில் கோத்துக்கொண்டாள். சத்தம் நின்றது. பொத்தான் சூடாக இருந்தது.

அடுத்தடுத்த நாள்களில் தன் கைக்கடிகாரத்தை வைத்தாள். பட்டமளிப்பு விழாவில் குத்திக்கொண்ட பேட்ஜை வைத்தாள். காலையில் எல்லாம் நனைந்து கிடந்தன. எடுத்ததற்குக் குறையாமல், எடுத்ததற்குக் குறையாமல் என்று வேலைக்குப் போகும்போது பாலத்தில் மோட்டார் ஓட்டியபடி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பொத்தானைவிடக் கடிகாரம் விலை கூடியதுதான். அப்படியானால், பொத்தானோடு சேர்த்து அவள் எதை எடுத்தாள்?

வீடு மாறியிருந்தது. ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் குளியலறைத் தரை அவள் போகும் முன்பே வெதுவெதுப்பாக இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் நாற்காலி முனகும், யாரும் உட்காராதபோதும் முனகியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அவளுக்கு யாரும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, படிக்கட்டில் அந்த மூச்சு கேட்டது. கோகுலனுக்கு ஆஸ்துமா. படி ஏறினால் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சின்னதாக ஒரு விசில் வரும். காலடிச் சத்தத்துக்கு முன்பே அது வந்துவிடும்.

"லிஃப்ட் மறுபடி ரோசாக், ஓடல," என்றான் வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து. "இந்த வீட்டுல எப்படிலா இருக்க நீ?"

"என்ன விஷயம்?"

"நாளைக்குப் பெட்டி தேட கேஎல்லேருந்து ஆளுங்க வராங்க. அணைக்குப் பின்னால அந்தப் பாறை இருக்குல்ல, நேத்தே ஆப்ல போட்டுட்டேன். பெட்டி மட்டும்தான் பாக்கி."

போன மாதம் பிளவின் அகலம் போதுமா என்று கேட்டு அவனுக்குப் படம் அனுப்பியது அவள்தான்.

"அது என் இடம், கோகுல்."

"நம்ம இடம்லா. எல்லாம் ஒண்ணுதானே."

"என் பேர்ல போடணும்னு சொன்னேன்."

"உன் பேரு யாருக்குத் தெரியும், சந்திரி? என் பேருன்னா நாலு பேரு வருவான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சிரித்தான். "கோவிச்சுக்காத. மீ கோரெங் வாங்கித் தரேன்."

அவன் கண் பெட்டியின்மேல் விழுந்தது. "அம்மாடி! எங்க புடிச்ச இத?" தரையில் மண்டியிட்டான். பச்சை பெயிண்டைத் தடவினான். "இதுதான். இதத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அவள் கை சட்டைப் பையிலிருந்த சாவி வளையத்தைத் தேடியது.

"மோந்து பாத்தியா? சரி, நானே பாத்துக்கிறேன். நீ சொல்லிக் குடுத்ததுதானே."

கொக்கியைத் தூக்கினான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வேண்டாம். அது அவள் நாக்கில்தான் இருந்தது. சந்திப்புகளில், வகுப்பில், அவன் அவள் வேலையைத் தன் பெயரில் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும், பேசாமல் இருந்து பழகிய நாக்கு அது. அன்றெல்லாம் பேச வராமல்தான் பேசாதிருந்தாள். இன்று வார்த்தை வந்திருந்தது. உதட்டை மூடிக்கொண்டாள்.

கோகுலன் முகத்தைப் பெட்டிக்குள் கவிழ்த்தான்.

மழை. அவன் முதுகு ஒருமுறை எழுந்தது. பிறகு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனின் முதுகு அவ்வளவு இறங்கி அவள் பார்த்ததில்லை.

நிமிர்ந்தான். பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினான்.

"வாசனையே இல்ல," என்றான். தட்டையான குரல். கண்கள் அவள் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றன. "கார எடுத்துட்டு வரேன்."

போனான். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. ஒரு தளம். இன்னொரு தளம். சந்திரிகா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். செருப்பு மட்டும்தான் கேட்டது. விசில் இல்லை. மூச்சே இல்லை.

பால்கனிக் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள். அதன் வழியாகக் கீழே பார்த்தாள். அவனுடைய மைவி கார் நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. வைப்பர் போய் வந்தது, போய் வந்தது. கதவுக்கு வெளியே ஒரு கால் நீட்டியிருந்தது. மழை அதன்மேல் விழுந்தது. கால் நகரவில்லை. செருப்பு கழன்று ஓடும் தண்ணீரில் மிதந்தது. கால் நகரவே இல்லை.

பின்னால், பெட்டிக்குள்ளிருந்து, மூச்சு கேட்டது.

இழுத்தது. விட்டது. முடிவில் சின்னதாக ஒரு விசில்.

அவள் திரும்பவில்லை. வைத்தாகிவிட்டது, என்று நினைத்தாள். எடுத்ததற்குக் குறையாமல் வைத்தாகிவிட்டது. இனி எடுத்தது, பொத்தானும் அதோடு வந்ததும், எடுத்தவளுக்கு.

சட்டைப் பையில் சாவி வளையம் கொதித்தது.

கண்ணாடியில் அவளுடைய நிழல் மங்கலாக நின்றது. அதன் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், கண்ணாடி வெளுத்தது. உள்ளங்கை அகலத்துக்கு. நீள்வட்டமாக. இந்தப் புழுக்கத்தில் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுக்காது. அவளுக்குத் தெரியும். மனித மூச்சுக்கு வெளுக்காது.

வட்டம் சுருங்கியது. மறைந்தது.

மறுபடி வந்தது. இன்னும் கீழே. அவள் காதுக்குப் பக்கத்தில்.

சந்திரிகா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.