கம்பளிக் குரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கும் அறையில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற தபால்காரர் நாராயணப்பன், உட்கார்ந்தபடியே தூக்கம். டியூஷன் டீச்சர் சுகுணா, கொண்டைக்கு மேல் ஹெட்போன் நிற்காமல் அவஸ்தை. சோதனையை நடத்துகிற மாதேஸ்வரி. அப்புறம், பெயர் கொடுத்த வெங்கட்டுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருந்த இசக்கிமுத்து.

"வெங்கட் வரலீங்களா?"

"அவன் ரூம்ல தூங்குதான் மேடம். பிரியாணி போடுவாங்க, போய்த் தின்னுட்டு வால-ன்னு என்னைய அனுப்பிட்டான்."

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறான்... சட்டையில் இன்னும் மெஷின் எண்ணெய் வாசம். கறுத்த, களைத்த, அழகான கண்கள். ஆனால் அவை அவள் கண்களைப் பார்க்கவில்லை. உதடுகளைப் பார்த்தன. அவள் பேசினால் உதட்டுக்கு வரும். நிறுத்தினால் நகர்ந்துவிடும்.

பொறுக்கி... என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

வேலை லேசானதுதான். ஒருவர் பேசுவதையும் ஒரு பாட்டையும் கலந்து வைத்திருப்பார்கள். ஐந்து கம்பெனிகளின் சாப்ட்வேர் அதிலிருந்து பேச்சை மட்டும் பிரித்து எடுத்திருக்கும். எது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கேட்பவர்கள் நூற்றுக்கு மார்க் போட வேண்டும். அவர்களுக்குச் சொல்லாமல் அதற்குள்ளே இரண்டு ஒலிகளை ஒளித்து வைப்பாள் மாதேஸ்வரி. ஒன்று, பாட்டோடு கலப்பதற்கு முந்தைய அசல் குரல். இன்னொன்று, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி வேண்டுமென்றே மழுங்க அடித்த குரல். அந்தக் கம்பளிக் குரலுக்கு நூறு போடுகிற ஆள் கவனித்துக் கேட்கவில்லை என்று அர்த்தம். அவர் போட்ட மார்க் எல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

இசக்கிமுத்து கம்பளிக் குரலுக்கு நூறு போட்டிருந்தான். ஒரு தடவை இல்லை, வந்த இடத்திலெல்லாம்.

"அந்த ஆளத் தூக்கிரும்மா," என்றார் முதலாளி ஸ்ரீராம், ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு.

அவள் கோபமாகக் கீழே இறங்கினாள். கீழேயிருந்த டயர் கடையின் தகரக் கூரையை மழை உடைத்துக்கொண்டிருந்தது. சிப்காட் பக்கமிருந்து வந்த லாரிகள் சேற்றை வாரி அடித்தன. அவன் பிரியாணிப் பொட்டலத்தோடு ஒதுங்கி நின்றிருந்தான்.

"இன்னாங்க, வெளாட்டா இருக்குதா உங்களுக்கு? மட்டமான சத்தத்துக்கெல்லாம் நூறு போட்டு வச்சிருக்கீங்க. பிரியாணிக்காகக் கண்ண மூடிக்கிட்டு அமுக்கினீங்களா?"

அவன் உதட்டைப் பார்த்தான்.

"முகத்தப் பாத்துப் பேசுங்க மொதல்ல!"

"முகத்தத்தான பாக்கேன்." அவனுக்கும் சுர்ரென்று ஏறியது. "ரெண்டு எடத்துல ஒரே சத்தத்தப் போட்டு வச்சிருந்தீங்க. ரெண்டுக்கும் நூறு குடுத்தேன். ஒரே குரலுக்கு வேற வேற மார்க் எப்படிங்க போட முடியும்?"

"ரெண்டும் ஒண்ணா? கொழந்த கூடச் சொல்லும் வித்தியாசத்த..."

அவன் திரும்பி நடந்தான். மழையில் நனைந்துகொண்டே. பொட்டலத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு...

"ஹலோ," என்றாள். "இசக்கிமுத்து!" பின்னாலேயே போனாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று மறுபடியும் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

அப்போதுதான் புரிந்தது.

தோளைத் தொட்டாள். திரும்பியவன் கண்கள் அவசரமாக அவள் உதட்டைத் தேடின.

"எவ்ளோ நாளா கேக்கலீங்க?"

அவன் மழையைப் பார்த்தான். "மெஷின் சத்தத்துல எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்."

"எல்லாருக்கும் இல்லீங்க."

அவன் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "அடுத்த வாரம் கம்பெனியில காது டெஸ்ட்டு. பெயிலானா என்னைய மாதிரி கான்ட்ராக்ட்காரன வேலையில இருந்து தூக்கிருவாங்க. தங்கச்சிக்கு நிச்சயம் ஆயிருக்கு. நீங்க இதே தொழில்தான... பீப் எப்ப வரும், எப்படித் தெரிஞ்சுக்கிடலாம்னு சொல்லித் தாங்களேன்."

"ஏமாத்தச் சொல்லித் தரணுமா?"

"பொழைக்கச் சொல்லித் தாங்க."

"என்னால ஆவாது. மிச்சம் இருக்குற காதும் போயிரும். வேலைய விடுங்க."

"சொல்லுதது லேசு." அவன் முகம் இறுகியது. "ஒண்ணு சொல்லிருதேன். உங்க வாயப் பாத்தது பேச்சு கேக்கறதுக்குத்தான். வேற எதுவும் நெனச்சிராதீங்க."

போய்விட்டான்.

வேறு ஏதோதான் அவள் நினைத்திருந்தாள். அதுதான் அவமானம்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனபின் மாதேஸ்வரி மைக் முன்னால் உட்கார்ந்தாள். வேப்பனப்பள்ளியில் மாங்காய் லோடு ஏற்றுகிறவர்களை விரட்டி வளர்ந்த குரல், அவளுடையது. கணீரென்று இருக்கும். 'முகத்தப் பாத்துப் பேசுங்க' என்று பதிவுசெய்தாள். அந்தப் பதிவுக்குக் கம்பளியைப் போர்த்தினாள். கேட்டாள்.

யாரோ ஒருத்தி... சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முனகினாள்.

அவனுக்குத் தெரிந்த மாதேஸ்வரி இவள்தான்.

ஐந்து சாப்ட்வேரில் ஒவ்வொன்றிலும் அந்தக் குரலை ஒரு பாட்டோடு கலந்து விட்டுப் பார்த்தாள். அதிக மார்க் வாங்கிய சாப்ட்வேர்கூட பாட்டைத்தான் விலக்கியது. கம்பளியை விலக்க எதனாலும் முடியவில்லை. அவன் நம்பர் வெங்கட்டிடம் இருந்தது. கேட்கவில்லை. அவனே வரட்டும் என்று இருந்தாள்.

அவன் வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. அதுவும் ஒரு ஞாயிறு. சோதனை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கண்களில் முன்பிருந்த களைப்பு இல்லை... அதைவிட மோசமான ஏதோ இருந்தது.

"அந்த டெஸ்ட்டுல பாசாயிட்டேன்," என்றான். "பட்டன் அமுக்குறவன் வெரலு அசையும்லா... அதப் பாத்துக் கையத் தூக்கிட்டேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"வெங்கட் கை ரோலர்ல மாட்டிருச்சு. எனக்கு முதுகுப் பக்கம். கத்திருக்கான்... நிறுத்துற பட்டன் என் கைக்குப் பக்கத்துல. நான் பாட்டுக்கு பீஸ் அடிச்சிட்டு நிக்கேன். ஒரு ஆளு ஓடியாந்து என்னையத் தள்ளிட்டு அமுக்குனான். அதுக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் போயிருச்சு."

"வெங்கட்..."

"உயிரோட இருக்கான். எனக்குக் காது கேக்காதுன்னு அவனுக்குத் தெரியாது. 'சத்தத்துல ஒனக்குக் கேட்டுருக்காதுல'ன்னு எனக்கே ஆறுதல் சொல்லுதான்."

மாதேஸ்வரி சுவரில் சாய்ந்தாள். ஒரு போன் பண்ணியிருக்கலாம். கம்பெனிக்கு இல்லாவிட்டாலும் வெங்கட்டுக்காவது. கௌரவம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் தெரியும். நானும் சொல்லலீங்க," என்றாள்.

"அது உங்க கணக்குல வராது. நாளைக்கு வெங்கட்டப் பாத்துச் சொல்லப் போறேன். அப்புறம் கம்பெனியில. அதுக்கு முன்னால எவ்வளவு போயிருக்குன்னு எனக்குத் தெரியணும். அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு நெசமாப் பாருங்க."

"கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரில பாக்கணும் இதெல்லாம்."

"பாக்கேன். மொத உங்ககிட்ட."

என்ன போடுவது என்று யோசித்தாள். பதிவுசெய்து வைத்திருந்த தன் குரலை எடுத்தாள். ஒரு பாட்டோடு கலந்தாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும்படி வைத்தாள். "என் குரல் கேக்குற வரைக்கும் பட்டன அமுக்கிட்டே இருங்க. கேக்காத எடத்துல விட்டுருங்க."

"வேலை போனா ஊருக்குப் போவேன். அதனால சொல்லிருதேன். அன்னைக்கு, கேக்கறதுக்குத்தான் உங்க வாயப் பாத்தேன்னு சொன்னேம்லா. பாதி பொய்."

"எந்தப் பாதி?"

"பாதிதான் கேக்கறதுக்கு."

"மீதி?"

"பாக்கறதுக்கு."

சொல்லிவிட்டு உடனே கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது. ஒன்றுக்கும் உதவாத காது... அவளுக்கு அழுகை வந்தது.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு," என்றாள், அவன் முதுகைப் பார்த்து.

அவன் ஹெட்போன் வயரின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். முகத்துக்கு நேராக, நிதானமாக, மறுபடியும் சொன்னாள். அவன் உதட்டைப் பார்த்தான். பிறகு, முதல் தடவையாக, கண்களை.

"இன்னொரு வாட்டி."

"கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு... சும்மா."

மூன்றாவது தடவையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கண்ணாடிக்குத் திரை போட்டுருங்க. உங்க வெரலு தெரிஞ்சா ஏமாத்திருவேன்."

அவள் திரையை இழுத்துவிட்டாள். அவன் முகம் மறைந்தது. சத்தம் புகாத கனமான கதவைத் தள்ளி மூடி, கைப்பிடியைத் திருகி, அவனை உள்ளே வைத்துப் பூட்டினாள்.