ஆடும் ஸ்டூலும் காலிப் பெஞ்சும்

மழை… ஜன்னலுக்கு வெளியே கடலும் மலையும் ஒரே சாம்பல் நிறம். நார்வே நாட்டுச் சுன்மோரெ கரையின் காலைப் படகில் யோருன் ஏறியபோது உள்ளே இடமே இல்லை.

இடமே இல்லை என்றால், நால்வர் உட்காரும் இருபது பெஞ்சுகளிலும் தலா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவரவரின் நனைந்த கோட்டு. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் போய் உட்காருவதா? நார்வேயில் பிறந்த யாரும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டார்கள். அரை மணிப் பயணத்தையும் நின்றே முடிப்பார்கள்.

யோருன் நிற்கவில்லை. கையிலிருந்த ஸ்டூலின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அதை நடைவழியில் வைத்து உட்கார்ந்தாள். அதற்கு ஒற்றைக் கால். அடியில் உருண்டையாக ரப்பர். படகு சாயும்போதெல்லாம் அவள் இடுப்பு எதிர்ப்பக்கம் அசைந்து கொடுத்தது. தலை மட்டும் விளக்குக் கம்பம் போல நேராக நின்றது.

அப்போதுதான் அந்த அலை… எதிரே காப்பியோடு நின்றிருந்தவன் தடுமாறினான். காப்பி முழுவதும் அவள் பூட்ஸில்!

"ஐயோ… மன்னிச்சுக்குங்க!"

"என் பூட்ஸுக்குக் காப்பிப் பழக்கம் கிடையாது."

கோபமாக நிமிர்ந்தவள் அவன் கண்களைப் பார்த்தாள். மழை விட்டதும் கடலுக்கு வருமே, அந்தப் பச்சை… இப்படிப்பட்ட கண்களுக்கு இப்படி ஒரு முதுகா? கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தது.

"படகு ஆடுறது போதாதுன்னு ஆடுற ஸ்டூல் வேறயா?" என்றான்.

"ஆடணும். அப்பத்தான் முதுகு தூங்காது. நானே வடிவமைச்சது. உக்காந்து பாத்துட்டுப் பேசுங்க."

உட்கார்ந்தான். முதலில் இரண்டு கைகளையும் இறக்கை போல விரித்தான். பிறகு மெல்ல இடுப்பு தாளம் பிடித்தது. கேள்விக்குறி நிமிர்ந்து ஆச்சரியக்குறி ஆயிற்று!

"மோசமில்லை," என்றான்.

யோருனின் கன்னம் சிவந்தது. அந்தக் கரையில் கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் அதற்கு மேல் புகழ்ந்ததில்லை.

பத்து மணிக்கு நாற்காலித் தொழிற்சாலையில் கூட்டம். அவளுடைய இரண்டு வருட உழைப்பான அந்த ஸ்டூலைத் தயாரிப்பதா, கிடங்கில் போடுவதா என்று முடிவாகும் நாள். முதுகைப் பற்றித் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முதலாளி டோர்போர்க் அம்மாளின் நிபந்தனை. ஊர்ச் சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்டை வரச் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்து வந்தவனுக்கு… அதே பச்சைக் கண்கள்! பெயர் ஹால்வர்.

அவன் விளம்பரத் தாளைப் படித்தான். 'நாள் முழுவதும் உட்காருங்கள். முதுகுவலி தீரும்.' பேனாவை மூடினான்.

"இதுல கையெழுத்துப் போடமுடியாது."

"படகுல மோசமில்லைன்னு சொன்னீங்களே!"

"ஸ்டூல் மோசமில்லை. இந்த வரிதான் மோசம். எந்த நாற்காலியும் முதுகுவலியத் தீர்க்காது, யோருன். ஆடி ஆடி உக்கார்றது நல்லது. எந்திரிச்சு நடக்கறது அதைவிட நல்லது."

"பன்னிரண்டு பேர் நாள் பூரா உக்காந்து பாத்தாங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லல!"

"நம்ம ஊர்ல யாரு வாயத் திறந்து குறை சொல்லிருக்காங்க?"

டோர்போர்க் இருமினாள். அந்தப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. "எனக்கு… மூணு மணிக்கே கால் மரத்துப்போச்சு. சொல்லச் சங்கடமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அவர் கையெழுத்து இல்லாம ஸ்டூல் வெளிய போகாது."

அதன் பிறகு படகில் இருவரும் ஆளுக்கொரு கோடியில் நின்றார்கள்.

'அவன் சொன்னது தப்புன்னு காட்டுறேனா இல்லையா பார்…' வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தவள் மாலை ஐந்து வரை எழவில்லை. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிப் பொட்டலத்தையும் அதன் மேலேயே பிரித்துச் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு மேல் இடுப்பு ஆடவில்லை. வீம்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் படகேறிய கேள்விக்குறி யோருன்தான்.

மறுகோடியிலிருந்து ஹால்வர் வந்துவிட்டான்.

"எவ்வளவு நேரம் உக்காந்தீங்க?"

"ஒம்பது மணி நேரம்."

"நடுவுல எந்திரிக்கவே இல்லையா?"

"எந்திரிச்சா நீங்க ஜெயிச்சுருவீங்களே!"

அவன் சிரிக்கவில்லை. அடக்கியதில் காது இரண்டும் சிவந்துபோயின. "வாங்க, மேல்தளத்துல நடப்போம்."

"மழை பெய்யுது…"

"இங்க என்னிக்குப் பெய்யல?"

மூன்று சுற்று நடந்தார்கள். அவன் தொடவில்லை. அவள் முழங்கைக்கு அரை அங்குலம் தள்ளி அவன் கை கூடவே வந்தது. மூன்றாவது சுற்றில் இடுப்பு மெல்ல இளகியது… பிடிவாதமும்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றாள் தரையைப் பார்த்து.

"உங்க ஸ்டூலும் சரிதான். நாள் பூரா அடுத்தவங்க முதுகு மேலயே குனிஞ்சு கிடக்கறவன் நான். எனக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்குன்னு அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் சட்டென நின்றாள். பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்தாள். கைப்பிடிக் கம்பியின் மேல் வைத்துப் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆடுங்கள். பிறகு எழுந்து நடங்கள்.' மழையில் மை கரைவதற்குள் ஹால்வர் கையெழுத்துப் போட்டான்.

டோர்போர்க் அந்த ஈரத் தாளை இரண்டு முறை படித்தாள். "மோசமில்லை. திங்கட்கிழமையே வேலைய ஆரம்பிக்கலாம்."

மாலைப் படகில் ஒருவரும் இல்லை. யோருன் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த ஹால்வர் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்… நேரே நடந்து வந்து, அவள் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்தான்.

அவள் நனைந்த கோட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பத்தொம்பது பெஞ்ச் காலியா இருக்கு, ஹால்வர்…"

"எண்ணிட்டுத்தான் வந்தேன்."

ஜன்னலில் மழைத்துளி ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து இறங்கியது.

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்," என்றான் தன் முழங்காலைப் பார்த்தபடி. "உன் பக்கத்துல உக்காந்தா எந்திரிக்கவே தோணல, யோருன். எனக்கு உன்னை… ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக இருபதாவது நிமிஷம் எழுந்து, அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"எந்திரி."

"எங்க?" அவன் முகம் வாடிவிட்டது.

"ஒரு சுற்று நடந்துட்டு வருவோம். அப்புறம் மறுபடியும் இதே பெஞ்சுல… பக்கத்துல பக்கத்துல."