இறந்தவர் அனுப்பிய அத்தியாயம்

செவ்வாய், காலை 10.40.

தபாலில் வந்த உறையைப் பிரித்த வாரப்பத்திரிகை ஆசிரியர், உறையை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். உள்ளே தொடர்கதையின் பன்னிரண்டாம் அத்தியாயம். அதே பச்சை மை, அதே வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. உறைமேல் நேற்றைய தேதி முத்திரை. தொடரை எழுதிவந்த அம்மாள் இறந்து ஒன்பது நாள் ஆகிறது.

விஷம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதில் கலந்திருந்தது என்பதுதான் போலீசுக்கே பிடிபடவில்லை.

“கண்ணாடியக்காவைக் கூப்பிடுங்க” என்றார் ஆசிரியர்.

கண்ணாடியக்கா அங்கே பிழைதிருத்துபவர். பதினோரு வருடமாக அந்த எழுத்தாளரின் ஒவ்வொரு வரியும் இவர் கண்ணில் பட்டுத்தான் அச்சேறும். அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய கதாநாயகியான சலவைக்காரியைக் கூடப்பிறந்தவளைப் போலத் தெரியும். நூறு வருடத்துக்கு முந்தைய ஊரில், அழுக்குத்துணி எடுக்கப் போகிற வீடுகளில் கொலைகளைக் கண்டுபிடிக்கிறவள் அவள். கறையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வாரம் முழுக்க யாரும் காதுகொடுத்துக் கேட்காத பெண்கள், பத்திரிகை வரும் நாளில் அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்துவிடுவார்கள். தன்னை மாதிரி ஒருத்தி பெரிய மனிதர்களை வாயடைக்க வைப்பதில் அப்படியொரு சுகம். கண்ணாடியக்காவுக்கும் அந்தச் சுகம் உண்டு.

நின்றபடியே படித்தார்.

இதுவரை கதையில் இல்லாத ஒரு எழுத்தாளர் செத்துக் கிடக்கிறார். சலவைக்காரி முன்வாசல் கதவைத் தட்டி உள்ளே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, எல்லாரையும் வரிசையாக விசாரிக்கிறாள். கடைசியில் சொல்கிறாள்: விஷம் இருமல் மருந்தில் இருந்தது. அந்தச் சீசாவை மருமகள் கம்பளிகளுக்கு அடியில் ஒளித்திருக்கிறாள்.

“செத்தவங்களே சாட்சி சொல்ல வந்துட்டாங்களே!” என்று முனகினார் ஆசிரியர். “கையெழுத்து அவங்களதுதானா?”

எழுத்தாளர் தபாலில் அனுப்பி, கண்ணாடியக்கா பொத்திப் பொத்தி வைத்திருந்த புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். முதல் பக்கத்தில் பச்சை மையில் நாலு வரி வாழ்த்து, போன வருடத் தேதியோடு.

“அச்சு அசலா ஒத்துப்போகுது சார்.”

“அட, அது அவங்க மகன் எழுதினது. கைவலின்னு ரெண்டு வருஷமா கதையை மட்டும்தான் அவங்க எழுதுவாங்க, வாழ்த்தெல்லாம் அவர்தான் எழுதித் தர்றாரு. எனக்கே வித்தியாசம் தெரியாது.”

கண்ணாடியக்காவின் முகம் சுண்டிப்போனது. அந்த நாலு வரியை எத்தனை தடவை படித்திருப்பார்! புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

பிற்பகல் 1.20.

இன்ஸ்பெக்டர் எழுத்தாளரின் வீட்டைச் சோதனை போட்டார். மருமகளின் அலமாரியில், கம்பளிகளுக்கு அடியில், சீசா இருந்தது.

மாலை 4.15.

எழுத்தாளர் வீட்டுக் கூடம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தைல வாசனை இன்னும் போகவில்லை. அவருடைய நாற்காலி மெத்தையில் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம், இப்போதுதான் எழுந்து போனாற்போல் இருந்தது. இருக்க இடமில்லாமல் இரண்டு பேர் நின்றார்கள். யாரும் அதில் உட்காரவில்லை.

“அம்மாவுக்கு முன்னாடியே சந்தேகம் வந்திருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர் கண்ணாடியக்காவிடம். “எழுதி, தபால்ல போடச் சொல்லி யார்கிட்டயோ கொடுத்திருக்காங்க. அவங்க எழுத்துதான்னு நீங்க சொன்னாப் போதும். இவங்களைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவோம்.”

மருமகள் தலை நிமிரவில்லை. பக்கத்தில் பெண் போலீஸ் ஒருவர் தயாராக நின்றார்.

“மாமியாரோட என்ன தகராறு?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார்.”

“வீட்டை உங்க பேருக்கு எழுதறதாப் பேச்சாமே?”

“அடுத்த திங்கக்கிழமை எழுதறதா இருந்தாங்க. அதுக்குள்ள போயிட்டாங்க.”

“எழுத்து அவங்களது மாதிரிதான் இருக்கு சார்” என்றார் கண்ணாடியக்கா. “ஆனா ஒரு கேள்வி கேட்டுக்கட்டுமா?”

“கேளுங்க.”

கண்ணாடியக்கா எழுத்தாளரின் மகனைப் பார்த்தார். “அம்மா கதையெல்லாம் படிப்பீங்களா தம்பி?”

“படிக்காம இருப்பேனா?”

“சலவைக்காரி ஒரு பெரிய வீட்டுக்கு வந்தா எப்படி வருவா?”

மகன் சிரித்துவிட்டான். “கதாநாயகியாச்சே! வாசல் வழியா ஜம்முனு வருவா.”

“நீங்க சொல்லுங்கம்மா.”

மருமகள் அப்போதுதான் நிமிர்ந்தாள். “கொல்லைப்பக்கமா, அழுக்கு மூட்டையோட. வாசல்ல அவளை யாரு விடுவாங்க? சமையல்கட்டுல நின்னுதான் எல்லாத்தையும் கேப்பா.”

“பதினாலு தொடர்கதை சார்” என்றார் கண்ணாடியக்கா. “ஒண்ணுலகூட அவ முன்வாசலை மிதிச்சதில்ல. கூடத்துல உக்காந்ததில்ல. ஒரு பொருட்டா யாரும் நினைக்காததாலதான் அவ எதிர்ல வாய்விட்டுப் பேசுவாங்க. அதுதானே அவ பலம்! இதை எழுதினவருக்கு அம்மாவோட எழுத்து கைவந்திருக்கு, அந்தப் பொண்ணைத் தெரியல. ரெண்டு வருஷமா அம்மா கையெழுத்துல எழுதிப் பழகினவர் இந்த வீட்டுல ஒருத்தர்தான். சீசா எங்க இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? வச்சதே அவர்தான். திங்கக்கிழமைக்கு முன்னாடி அம்மா சாகணும், அந்தப் பழியோட பொண்டாட்டி ஜெயிலுக்குப் போகணும். வீடு அவருக்கு.”

“ஒரு வாசலை வச்சு என்னைக் கொலைகாரன்னு சொல்றீங்களா?” என்று கத்தினான் மகன்.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். மகனின் அறைக்குப் போன காவலர் மூன்று தாள்களோடு திரும்பினார். பச்சை மையில் அதே அத்தியாயம், அடித்து அடித்துத் திருத்தியபடி.



“மருந்தை யார் ஊத்திக் கொடுப்பாங்க?” இன்ஸ்பெக்டர் மருமகளிடம் கேட்டார். இந்தமுறை குரல் தணிந்திருந்தது.

“எப்பவும் நான்தான் சார்.” அவள் நிறுத்தினாள். “அன்னிக்கு மட்டும் அவர். விஷம் அதுலதான்னு இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாய் வரல.”

“உங்களையே பிடிச்சிட்டுப் போறப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார் கண்ணாடியக்கா.

“எப்படிக்கா சொல்றது? ‘என் புள்ள கையால மருந்து குடிச்சேன்டி, முதல் தடவையா’ன்னு அத்தை என்கிட்ட அழுதாங்க. அவ்வளவு சந்தோஷம்க்கா அவங்களுக்கு.”