வெளியே தெரிந்த ஓரத்தையல்

மதியம் 2.10. அலமாரியில் இருந்த கிழிசல் அடுக்கின் மேல் விரிப்பை, ஓரத்தையல் வெளியே தெரிய இருந்ததை, எடுத்து உதறினாள் தையலக்கா. உள்ளே வைத்த கடுதாசியைக் காணோம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் ஏழு பெண்களும் கையெழுத்திட்ட கடுதாசி அது. ஏழு மாத வயிற்றோடு நிற்கும் இஸ்திரிக்காரியை ஈரமூட்டை தூக்கவைத்து, வாய்க்கு வந்தபடி ஏசும் மேற்பார்வையாளனைப் பற்றித் தேதிவாரியாக எழுதியது. மூன்று மணிக்கு விசாரணை அதிகாரியம்மா வருகிறார்.

வேலை நேரத்தில் பேசினால் அன்று உட்கார ஸ்டூல் கிடையாது. அதனால் பெண்கள் இந்த மேல் விரிப்பை வைத்தே பேசிக்கொண்டார்கள். ஓரத்தையல் உள்ளே இருந்தால் அவன் இல்லை. வெளியே தெரிந்தால் ஆபத்து, வாயைத் திறக்காதே. இன்று காலை பத்திலிருந்தே கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

2.20. வாசலருகே துணி மடிப்பவளிடம் போனாள். அவன் வந்தானா?

"இஸ்திரி மேசை வரைக்கும் வந்தான். அலமாரிப் பக்கமே போகலக்கா."

போயிருந்தால் அடுக்கு குரங்கு புகுந்த வீடாகக் கிடந்திருக்கும். ஒரு துணி கலையவில்லை.

"அப்ப நம்மள்ல ஒருத்தி," என்ற மடிப்பவள், சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தையலக்கா விரிப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் முழ நீளக் கிழிசல். மடிப்புத் தடமோ கத்திமுனை மாதிரி நின்றது. கிழிந்த துணி தைத்த பிறகுதான் இஸ்திரிக்குப் போகும். தேய்க்காமல் ஒரு துணியைக் கீழே வைக்கத் தெரியாத கை, அந்தக் கூடத்தில் ஒன்றே ஒன்று.

2.40.

"நீதான் எடுத்தே. உனக்காக எழுதினதுடி அது."

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவனுக்கு வாடை தெரிஞ்சிருச்சுக்கா. கடுதாசியக் குடுக்கலன்னா இன்னையோட நின்னுக்கோன்னான். பிள்ளையப் பெத்துட்டு நான் எங்க போவேன்?"

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ஓரத்த வெளிய வெச்சேன். எல்லாரும் பாத்தீங்க. வாய மூடிக்கிட்டீங்க. என்னன்னு ஒருத்தரும் வந்து கேக்கல."

காலையில் தையலக்காவும்தான் பார்த்தாள்.

3.00. மேற்பார்வையாளன் கதவருகே நின்றான். யாருக்காவது குறை உண்டா என்று அதிகாரியம்மா கேட்டார். பேசினால் முதலில் போவது இஸ்திரிக்காரியின் வேலை. தையலக்கா அந்த விரிப்பை, ஓரத்தையல் வெளியே தெரிய மடித்து, அவர் முன்னால் வைத்தாள்.

"கிழிசலா?" என்று கேட்ட அதிகாரியம்மா, அதன்மேலேயே ஃபைலை விரித்து எழுதினார்: புகார் எதுவும் இல்லை.