ஊறும் அருவி

ப்யாலா அருவியின் கீழே இருக்கும் விடுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. ஆகஸ்டு மாதக் கடைசி. மே மாதத்துக்குப் பிறகு அந்த மலையில் ஒரு சொட்டு மழை விழவில்லை. காரிலிருந்து இறங்கி வெகுநேரம் ஆகியும் நாங்கள் கிளப்பிய புழுதி அடங்கவில்லை.

நான் நெவேனா. ப்ளோவ்திவ் நகரத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை. கூட வந்த ஸ்டோயில் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். அக்டோபரில் என் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் மலைக்கு அழைத்துப்போக வேண்டும். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் கத்தியது ப்யாலாவைத்தான். தபால் அட்டையில், நாட்காட்டியில், தயிர் டப்பா மூடியில்கூட அந்த அருவியின் படம் இருக்கும்போது வேறு எதைக் கேட்பார்கள்? படுக்கை, கழிப்பறை, பாதையில் கைப்பிடிக் கம்பி, எல்லாவற்றையும் முன்கூட்டியே நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்காகத்தான் வந்தோம்.

அண்ணாந்து பார்த்தோம். அறுபது மீட்டர் உயரப் பாறை. அதன் நடுவில் ஈரமாக ஒரு கோடு. அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்ளோ தூரம்? எங்க வீட்டுக் குழாய்ல இதவிட வேகமா வரும்," என்றான் ஸ்டோயில்.

"மெதுவாப் பேசு. அந்தம்மா காதுல விழப்போகுது."

விடுதி நடத்தும் பெனாவுக்கு அது காதில் விழுந்துதான் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய, கைகால் பருத்த பெண்மணி. கோபித்துக்கொள்ளவில்லை. அருவியைப் பார்த்தபடி போட்டிருந்த மேசையில் எங்களை உட்காரவைத்து, பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"எத்தனை பிள்ளைங்க வர்றாங்க டீச்சர்?"

என்னிடம் கேட்டாளே தவிர முகம் பாறையைப் பார்த்திருந்தது. காது மந்தமான யாரோ பக்கத்து அறையில் இருப்பதுபோல உரக்கக் கேட்டாள்.

"இருபத்திமூணு பேரு."

"வயசு?"

"பத்து."

"இருபத்திமூணு பேரு!" என்று அவள் பாறையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். "எல்லாம் பத்து வயசு!"

மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. களுக்.

ஸ்டோயில் கரண்டியைக் கீழே வைத்தான். ஈரக்கோடாக இருந்தது எங்கள் கண்ணெதிரே விரல் பருமனாயிற்று. பிறகு கை பருமன். சூப் ஆறுவதற்குள் பாறையின் பாதி அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல எங்கயோ மழை போல," என்றேன். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

பெனா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாதை நன்றாகவே இருந்தது. கம்பி உறுதியாக இருந்தது. நான் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே நடந்தேன். பாதி தூரத்தில் அந்த நாற்றம் வந்தது.

முதலில் பாசி என்று நினைத்தேன். அப்புறம் செத்த மீன் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தூங்கி எழுந்து இன்னும் பல் விளக்காத ஒருவர் மூக்கருகே வந்து பேசினால் அடிக்குமே, அந்த நாற்றம். மலை முழுக்க அதுதான் வீசியது.

அருவியின் அடியில் ஒரு குளம். அதில் கொதித்த பாலைப்போல நுரை மிதந்தது. அதன் குமிழ்கள் உடையவே இல்லை. சாரல் என் கன்னத்தில் பட்டது. துடைத்தேன். போகவில்லை. பிசுபிசுத்தது.

"வெயிலுக்கு இதமா இருக்கும்," என்று ஸ்டோயில் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளத்தில் இறங்கியிருந்தான். "என்ன இது, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு!"

மலை நீர் வெதுவெதுப்பாக இருக்காது. குனிந்து கையை விட்டேன். உடம்புச் சூடு. கையை எடுத்தபோது விரல்களுக்கு நடுவே தண்ணீர் நூல் நூலாகத் தொங்கியது.

பாவாடையில் கையைத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

"ஸ்டோயில், மேல வா. இது தண்ணி மாதிரி இல்ல."

"உனக்கு எல்லாத்துலயும் அருவருப்பு. பிள்ளைங்களுக்கு இது சொர்க்கம். உன் வகுப்புப் போயன் பய வந்தா நேரா இங்கதான் குதிப்பான்!"

அருவி பெருத்தது.

"ராலிட்சா கரையிலயே நின்னு அழுவா!"

இன்னும் பெருத்தது. அவன் சொல்லி முடிக்கும் முன்பே.

அவனுக்கு அது விளையாட்டாகப் பட்டது. எதிரொலி என்று நினைத்தானோ என்னவோ, கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, "கலோயான்! மிலா! தோதர்!" என்று என் வகுப்பை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தான். ஒவ்வொரு பெயருக்கும் பாறை முழுவதும் கொழகொழவென்று நிறைந்து வழிந்தது. பசித்தவன் முன்னால் பிடித்த பலகாரத்தின் பெயரைச் சொன்னால் வாய் எப்படி ஊறுமோ, அப்படி ஊறியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பேரைச் சொல்லாத!" என்று அலறினேன். "ஸ்டோயில், பேரைச் சொல்லாத!"

அருவி நின்றது.

மேலிருந்து கீழ்வரை, ஒரே நொடியில். சத்தம் என்பதே இல்லாமல் போயிற்று.

தண்ணீர் விலகியதும் பின்னாலிருந்த பாறை தெரிந்தது. அது சாம்பல் நிறமாக இல்லை. வெளிறிய சிவப்பு. நம் மேல்வாயை நாக்கால் தடவினால் தட்டுப்படுமே, அதுபோல வரிவரியாக மேடுகள். எல்லாம் பளபளத்தன.

மேடுகள் அசைந்தன.

அது விழுங்கியது.

குளத்து நீர் மொத்தமும் பாறையின் அடியை நோக்கி ஓடியது. இடுப்பளவில் நின்ற ஸ்டோயில் கால் தடுமாறி விழுந்தான். தலை உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போனது. நான் கரையில் குப்புறப் படுத்து அவன் கழற்றிப் போட்ட சட்டையை வீசினேன். இரண்டாவது தடவைதான் பிடித்தான். எப்படி இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. என் தோள் ஒரு மாதம் வலித்தது.

கரையில் கிடந்து இருமினான். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கோழைபோல வழிந்தது.

"குடிச்சிட்டேன் நெவேனா," என்று கிசுகிசுத்தான். "நிறைய குடிச்சிட்டேன்."

பெனா அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"அது என்னது?"

அவள் திரும்பவில்லை. "பெரியவங்கள அது ஒண்ணும் பண்ணாது."

"என்னதுன்னு கேட்டேன்."

"எனக்கென்னம்மா தெரியும்? மழை இல்லாத வருஷம், யாராவது வர்றேன்னு சொன்னா தண்ணி விடும். பிள்ளைங்கன்னா நிறைய விடும். தண்ணி இல்லாத அருவியப் பாக்க யாரு வருவா? எங்க ஊரே இத நம்பித்தான் இருக்கு."

"வந்த பிள்ளைங்க?"

"எல்லாரும் பத்திரமாத் திரும்பிப் போறாங்க."

"எல்லாருமா?"

தட்டைத் துணியால் துடைத்தாள். ஏற்கனவே காய்ந்திருந்த தட்டு. மறுபடியும் துடைத்தாள்.

"இருவது வருஷத்துல ரெண்டே ரெண்டு பேருதான் டீச்சர். வழுக்கி விழுந்ததா எழுதியிருக்காங்க."

அந்த 'தான்' என் காதில் இன்னும் இருக்கிறது. குளத்தில் கை வைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை.

திரும்பும் வழியில் ஸ்டோயில் மூன்று இடத்தில் காரை நிறுத்தி வாந்தியெடுத்தான். சூப்பும் ரொட்டியும் வரவில்லை. கண்ணாடிபோலத் தெளிவாக, நீள நீளமாக ஏதோ வந்தது.

நான் பயணத்தை ரத்து செய்தேன். பாதை ஆபத்தானது என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். பிள்ளைகள் அழுதார்கள், அழட்டும் என்று விட்டுவிட்டேன். தெரிந்த பள்ளிகளுக்கெல்லாம் போன் செய்தேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள், சிலர் சிரித்தார்கள். தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். குடிக்கத் தகுந்த நீர் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

செப்டம்பர் பதினைந்து, பள்ளி திறக்கும் நாள். பிள்ளைகள் கைநிறையப் பூங்கொத்துகளோடு முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். ஸ்டோயிலை அதற்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். மெலிந்திருந்தான். சுவரோரமாக ஒதுங்கி நின்றான். வாயில் கைக்குட்டை. அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என்ன ஸ்டோயில், பல்லுவலியா?"

தலையசைத்து மறுத்தான். முதல் வகுப்புக் குழந்தைகள் கைகோத்து எங்களைக் கடந்து போனார்கள். அவன் தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"இவங்களப் பாத்தா ஊறுது நெவேனா," என்றான், காற்றைவிட மெல்லிய குரலில். "என்னால நிறுத்த முடியல. என்னய இவங்ககிட்ட விடாத. தயவுபண்ணி விடாத."

அன்றைக்கே வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டான். நல்லவன். பெட்டியைக்கூட எடுக்கவில்லை. நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனான். இப்போது ருமேனிய எல்லையருகே, மைல் கணக்கில் குழந்தை வாசனையே இல்லாத ஒரு சிமெண்ட் கிடங்கில் தனியாகக் காவல் இருக்கிறான். நான் கடிதம் போடுகிறேன். பதில் வரும்போது காகிதம் சுருங்கி, எழுத்தெல்லாம் கரைந்திருக்கும்.

அவனுடைய விசிலை மட்டும் உடற்பயிற்சி அறை மேசையில் விட்டுப் போயிருந்தான். நான் போய்ப் பார்த்தபோது அதன் துளையிலிருந்து அதே தண்ணீர் நூலாக இறங்கி மேசையில் தேங்கியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாளிதழில் ஏழு சுற்றுச் சுற்றி, தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் நானே போட்டேன். குப்பை வண்டி வந்து எடுத்துப்போகும்வரை அங்கேயே நின்றேன்.

நவம்பரில் புதிய உடற்பயிற்சி ஆசிரியை வந்தாள். கமேலியா என்று பெயர். கலகலவென்று சிரிப்பவள். முதல் நாள் காலை நான் வகுப்பறையில் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் என் பிள்ளைகள் அவளுக்காக வரிசையில் நின்றிருந்தார்கள்.

விசில் ஒலித்தது.

காற்றோடு ஏதோ கலந்து, களகளவென்று ஒலித்தது.

ஜன்னலுக்கு ஓடினேன். அவள் கையில் நான் குப்பையில் போட்ட அதே விசில்.

"கமேலியா! அது ஏது உங்களுக்கு?"

"மேசை மேல இருந்துச்சு டீச்சர்!" என்று அண்ணாந்து சிரித்தாள்.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி அவர்களை ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவது பிள்ளையிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டு, புறங்கையால் மோவாயைத் துடைத்துக்கொண்டாள்.