நடு ஏரியில் நின்றுபோன எஞ்சின்

விடியும் நேரத்தில் தலாந்தின் உடல் கரை ஒதுங்கியது. இசிக்-குல் ஏரியின் வடகரை மணலில், மூடிய வெயில் குடைகளுக்கு நடுவே, தெற்கே நிற்கும் பனிமலைகளைப் பார்த்தபடி கிடந்தது.

முந்தைய நாள் மாலை திடீரென்று எழுந்த காற்றில் அவனுடைய மீன்பிடிப் படகு கவிழ்ந்திருந்தது. காப்பாற்றப் பாய்ந்தவன் எர்னிஸ், அந்தக் கரையின் மீட்புக் காவலன். ஆனால் அவன் ஓட்டிச் சென்ற பழைய ஜெட் ஸ்கீ என்ற நீர் ஸ்கூட்டர் பாதி வழியில் நின்றது. கரையிலிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எழுந்தான், குனிந்தான், எதையோ செய்தான். பிறகு எஞ்சின் உறுமியது. அவன் போய்ச் சேர்ந்தபோது தண்ணீருக்கு மேல் கவிழ்ந்த படகு மட்டுமே இருந்தது.

"வேணும்னேதான் நின்னான்," என்றாள் தலாந்தின் மனைவி கனிகெய். முன்பு அவளைப் பெண் கேட்டு வந்து, இல்லையென்ற பதிலோடு திரும்பியவன் எர்னிஸ். ஊருக்கே தெரிந்த விஷயம்.

வழக்கு கேப்டன் சைராகுலிடம் வந்தது. குரலை உயர்த்தாமலே பதில் வாங்கும் பெண்மணி.

காலை. காவல் நிலையம்.

"வண்டி எப்படி நின்னுச்சு?"

"இருமுச்சு அக்கா. வேகம் குறைஞ்சுது. அப்படியே செத்துப்போச்சு."

"நீ என்ன செஞ்ச?"

"பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ரிசர்வுக்குத் திருப்பிப் பார்த்தேன். அசையல. பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்தேன். ததும்ப இருந்துச்சு. மூடிட்டு அழுத்தினா பிடிச்சுக்கிச்சு."

"முன்னாடி நின்னிருக்கா?"

"இந்த வருஷம் கரையோரமாத்தான் ஓட்டினேன். அவ்வளவு தூரம் போனது நேத்துதான்." எர்னிஸ் தன் கைகளைப் பார்த்தான். "எல்லாரும் பேசறதைக் கேட்டா, நானேதான் நிறுத்தினேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

கரையில் வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார் மெக்கானிக் ஒரோஸ்.

"கார்புரேட்டர்?" என்றார் கேப்டன்.

"இந்த உசரத்துல காத்து லேசு. பழைய கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமா இழுத்துத் திணறும். அதை சீசனுக்கு முன்னாடியே சரி பண்ணிட்டேன்."

"பெட்ரோல்ல தண்ணி?"

"வடிகட்டிக் கிண்ணத்தைப் பாருங்க. சுத்தம்."

ஒரோஸ் டாங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். பட்டனைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது. உடனே அணைத்தார்.

"வண்டி மேல குத்தமில்ல. அந்தப் பய மேலதான்."

"ஏன் அதுக்குள்ள அணைச்சிட்டீங்க?"

"தண்ணிக்கு வெளியே ரொம்ப ஓட்டினா சூடாயிடும்."

"அப்ப தண்ணிக்குள்ள போவோம்."

"எனக்கு நீச்சல் தெரியாதே."

"எனக்கும்தான். மிதவைச் சட்டையை மாட்டுங்க."

ஒரோஸ் ஓட்ட, கேப்டன் பின்னால் உட்கார்ந்தார். கரை சுருங்கியது. தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து கறுப்பானது. வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே இன்னொன்று. இரண்டும் பனி சுமந்து நின்றன. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் இந்த இடத்திலிருந்து அவற்றை கேப்டன் பார்த்ததில்லை.

எஞ்சின் இருமியது. வேகம் தளர்ந்தது. நின்றது.

சட்டென்று அமைதி கவிந்தது. கால்களுக்குக் கீழே அடி தெரியாத ஆழம். அதன் நடுவே ஒருவன் சாவதற்குள் போய்ச் சேரத் துடித்தவனை கேப்டன் நினைத்துக்கொண்டார்.

"ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க."

ஒரோஸ் கழற்றினார். எலும்பு போலக் காய்ந்திருந்தது.

"டாங்க் நிறைய பெட்ரோல். இங்க ஒரு சொட்டு வரலையே," என்று முணுமுணுத்தார்.

கேப்டன் யோசித்தார். எர்னிஸ் செய்தவை மூன்று. பட்டன் உதவவில்லை. ரிசர்வ் உதவவில்லை. மூன்றாவதுக்குப் பிறகுதான் எஞ்சினுக்கு உயிர் வந்தது. கரையில் ஒரோஸும் அதையே செய்துவிட்டுத்தான் பட்டனைத் தொட்டார்.

பிளக்கை மாட்டச் சொல்லிவிட்டு, டாங்க் மூடியை மெல்லத் திருகினார். ஸ்ஸ்ஸ். உள்ளங்கையை ஏதோ உள்ளே இழுத்தது.

மூடினார். "இப்ப அழுத்துங்க."

எஞ்சின் உறுமியது.

"பாட்டிலை வாயில வெச்சு உறிஞ்சிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல எதுவும் வராது. வெளியே போற பெட்ரோலுக்கு ஈடா உள்ளே காத்து வரணும். இதுக்கு அது வர்ற வழி எங்க?" என்றார் கேப்டன்.

ஒரோஸின் முகம் வெளுத்தது. டாங்கிலிருந்து மேலேறும் மெல்லிய குழாயைத் தடவிக்கொண்டே போனார். கைப்பிடிக்கு அடியில் மறைந்திருந்த அதன் நுனி சாம்பல் நிறத்தில் அடைபட்டிருந்தது.

"மண்ணு," என்றார். "குளவி கட்டின மண்ணு. குளிர்காலம் முடிஞ்சு கொட்டகையில கிடந்தப்ப கட்டியிருக்கு. இதை நான் பார்க்கவே இல்லையே."

மதியம். தலாந்தின் வீட்டு முற்றத்தில் நின்ற துக்கக் கூடாரத்துக்குள் கேப்டன் நுழைந்து, வெட்டியெடுத்த குழாய்த் துண்டைக் கனிகெய் முன்னால் பிளந்தார். மண் தடுப்புகளுக்கு இடையே அறை அறையாகக் குட்டிச் சிலந்திகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றின் மேல் அரிசி போல வெள்ளைப் புழு நெளிந்தது.

"உன் புருஷனைக் கொன்னது இதும்மா. எர்னிஸ் இல்ல. மூடியை அவன் திறந்தது பெட்ரோல் பார்க்க. ஆனா அதுலதான் வண்டிக்கு மூச்சு வந்துச்சு. அதுக்குள்ள நேரம் போயிடுச்சு."

கனிகெய் நெடுநேரம் அந்தப் புழுவையே பார்த்தாள். இத்தனை நுணுக்கமாக ஒரு தாய் கட்டிய வீடு. யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எர்னிஸ் எங்க?"

"வெளியே, வேலிகிட்ட நிக்கிறான்."

அவள் எழுந்து வாசல் துணியை விலக்கினாள்.

"எர்னிஸ். அவர் உன்னைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு," என்றான் அவன். "கையைத் தூக்கிக் காட்டினாரு. நான் வந்துடுவேன்னு நம்பிட்டுத்தான் இருந்தாரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்ப ஏன் அங்கேயே நிக்கிற? நம்ம வழக்கத்துல கூடப்பிறந்தவங்க அழுதுட்டுத்தான் உள்ளே வருவாங்க. நீயும் வா."

எர்னிஸ் தலை குனிந்து, "என் அண்ணனே" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி ஓலமிட்டுக்கொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தான்.