பாலத்துக் கடையில் வியாபாரம்

"இவன்தான் கெடுத்தான். நிரூபிச்சுக் குடுங்க, போதும்."

கணினி பழுதுபார்க்கும் கடைக்குள் மடிக்கணினியோடு நுழைந்த இறுதியாண்டு மாணவி உட்காரக்கூட இல்லை. சுருள்முடியால் 'சுருட்டை' என்றே பெயராகிப்போன அவளுடைய கூட்டாளி வாசலிலேயே நின்றுவிட்டான். நகரம் கட்டும் விளையாட்டில் இருவரும் சேர்ந்து எழுப்பிய ஊர் அது. மதியம் கல்லூரியில் ஓட்டிக்காட்ட வேண்டும்; பார்க்க வருபவர்கள் வேலை கொடுப்பவர்கள். ஆனால் திரையிலுள்ள அந்த ஊரில் பொழுது விடிந்ததும் ஆற்றுப்பாலத்தில் கார்கள் அசையாமல் நின்றன. உருவாக்கியவர்கள் பெயர் வரும் அறிமுகப் பக்கத்திலிருந்து சுருட்டையின் பெயரை அவள் ஏற்கெனவே அழித்திருந்தாள்.

"நேத்து ஒரு மோட் சேர்த்தான். விளையாட்டோட விதியையே மாத்துற நிரல். அதை நிறுத்தினா நெரிசல் காணாமப் போயிடுது. வேற என்ன சாட்சி வேணும்?"

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான்க்கா," என்றாள் கடைக்காரியின் தங்கை ஆர்வம் தாங்காமல். "கேஸ் முடிஞ்சுது."

"நான் இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கலடி."

அக்கா திரையில் ஊரைப் பெரிதாக்கினாள். வீடுகளும் அலுவலகங்களும் ஆற்றின் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் விளையாட்டு அரங்கம் மட்டும்; பாலத்துக் கார்கள் அதை நோக்கியே நின்றன. பாலத்தின் நடைபாதையில் இருந்த சின்னக் கடையைச் சொடுக்கினாள். அமோக வியாபாரம். அலுவலக வாசல்களில் வரிசையாக மரங்கள். எல்லாம் இன்னும் கன்றுகள்.

"ஆபீஸ் போறவன் காலங்காத்தால ஸ்டேடியத்துக்கு எதுக்குப் போறான்?"

அக்கா மோட்டை நிறுத்திவிட்டு ஒரு காரைப் பின்தொடர்ந்தாள். அலுவலக வாசலில் அது நின்றது. ஆள் உள்ளே போனான்.

"கார் எங்க?"

தங்கை திரையோடு மூக்கை ஒட்டினாள். "அக்கா... காரைக் காணோம்."

"மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டான். மோட் இல்லன்னா இந்த விளையாட்டு அப்படித்தான். மோட் இருந்தா, காரை நிறுத்த நிஜமாவே இடம் வேணும். சுருட்ட, சரிதானே?"

"நிஜம் மாதிரி இருக்கட்டும்னுதான் போட்டேன். சொல்ல விட்டாத்தானே?"

"ஊருக்குள்ள நிறுத்த இடமே இல்ல. ஸ்டேடியத்துல மட்டும் இருக்கு. பாலம் தாண்டி நிறுத்திட்டு நடந்தே திரும்புறாங்க. பாலத்துக் கடைக்காரனுக்கு யோகம்." அவள் மாணவியிடம் திரும்பினாள். "ஆபீஸ் வாசல்ல அந்த மரக்கன்னெல்லாம் எப்ப நட்டது?"

மாணவியின் குரல் இறங்கியது. "போன வாரம். அங்க பார்க்கிங் இருந்துச்சு. படம் எடுக்க அசிங்கமா தெரிஞ்சுதுன்னு இடிச்சேன்."

"உங்க ரெண்டு பேர் வீட்லயும் கார் உண்டா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது. ரெண்டு பேரும் பஸ்தான்," என்றாள் மாணவி.

"அதான் தோணல. எங்கப்பா டிரைவர். வாசல்ல இறங்கினதும் கார் வேலை முடிஞ்சுதுன்னு முதலாளி நெனச்சுப்பான். அப்புறம் நிறுத்த இடம் தேடி ஊரெல்லாம் நாயா அலையறவன் யாருன்னு அவனுக்கு என்ன தெரியும்? மதியம் பார்க்க வர்றவங்க, இந்த ஊர்ல காரை எங்க நிறுத்துறதுன்னு கேட்டா, மோட்டை நிறுத்திட்டேன்னா சொல்லுவ?"

மாணவி கன்றுகளில் ஒரு வரிசையை அழித்து வாகன நிறுத்தம் போட்டாள். மோட்டை மீண்டும் ஓடவிட்டாள். பாலத்தில் முதல் கார் நகர்ந்தது; அதன் பின்னால் இரண்டு; பிறகு வரிசை முழுவதும் கரைந்து ஓடியது. தங்கை நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

"பாலத்துக் கடைக்காரன் பாவம்க்கா."

மாணவி அறிமுகப் பக்கத்தைத் திறந்தாள். சுருட்டையின் பெயரைத் தன் பெயருக்கு மேலே அடித்தாள்.

"மோட் பத்தி நீதான் பேசணும்," என்றாள் அவனைப் பார்க்காமல். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா."